முன்முற்றத் தோட்டத்தை மாணவரிடம் ஒப்படைக்கலாமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பல, வீட்டின் முன்முற்றத்தை அந்த நிலத்துக்கே உரிய தாவரங்களால் அமைப்பதைப் பற்றியும், அதை வடிவமைக்கும் பணியை ஒரு மாணவரிடம் ஒப்படைப்பதைப் பற்றியும் இருந்தன. ஆகவே இந்த இதழின் கேள்வி–பதில் பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டின் முன்புறம் முழுவதும் புல்தரை. நீர் ஊற்றுவதும் வெட்டுவதுமாகவே காலம் போகிறது. அதை எடுத்துவிட்டு, இந்த மண்ணுக்குரிய செடிகொடிகளைக் கொண்டு ஒரு தோட்டம் அமைக்க விரும்புகிறோம். தொழில்முறை வடிவமைப்பாளர் கேட்ட கட்டணம் எங்கள் சக்திக்கு மேற்பட்டதாக இருந்தது. நிலத்தோற்ற வடிவமைப்பு படிக்கும் மூன்றாமாண்டு மாணவி ஒருவர் குறைந்த கட்டணத்தில் செய்து தர முன்வந்திருக்கிறார். அவரை நம்பி இறங்கலாமா?

பதில்: இறங்கலாம். ஆனால், அவரிடம் எந்த வேலையைக் கேட்கிறீர்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தொழில்முறை வடிவமைப்பாளருக்குத் தரும் கட்டணத்தின் பெரும்பகுதி அவருடைய வரைதிறனுக்காக அன்று. தாம் நட்ட செடிகள் ஐந்தாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் என்ன ஆயின என்பதைப் பல இடங்களில் கண்டறிந்த அனுபவத்துக்காகவே அதைத் தருகிறோம். மூன்றாமாண்டு மாணவிக்கு அந்த அனுபவம் இருக்க வாய்ப்பில்லை. மாறாக, ஒரே இடத்துக்குப் பலமுறை வந்து, பொறுமையாக அளந்து, கவனித்து, தேடிப் படித்துக் குறித்துவைக்கும் நேரமும் ஆர்வமும் அவரிடம் இருக்கும். பல வேலைகளை ஒரே சமயத்தில் நடத்தும் வடிவமைப்பாளரால் ஒரு சிறிய முற்றத்துக்கு அவ்வளவு நேரம் ஒதுக்க இயலாது. மண்ணுக்குரிய தாவரத் தோட்டத்துக்கு அந்தக் கவனிப்புதான் அடித்தளம் என்பதால், மாணவரை அமர்த்துவதை வசதியில்லாதவர் செய்துகொள்ளும் சமரசமாக நான் கருதவில்லை. அவரிடம் இல்லாத அனுபவத்தை வேறொருவரிடமிருந்து சிறிதளவு பெற்றுச் சேர்த்துக்கொண்டால் போதும்.

எனவே முதலில் ஓர் அழகிய வண்ணப்படத்தைக் கேட்காதீர்கள். இடத்தை ஆராய்ந்து தரும்படி கேளுங்கள். முற்றத்தை அளந்து, நிலத்தில் 1 மீட்டர் தாளில் 2 சென்டிமீட்டராக வரும்படி, 1:50 அளவில் ஓர் அடிப்படை வரைபடம் வேண்டும். வீட்டுச் சுவர், சாளரங்கள், வாசல், நடைவழி, இருக்கும் மரங்கள், கூரைநீர் வந்து விழும் இடம், நிலத்தடியில் செல்லும் குடிநீர், கழிவுநீர், மின் இணைப்புகள் ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற வேண்டும். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளைகளிலும் நிழல் எங்கே விழுகிறது என்பதை அவர் குறிக்கட்டும். நாளொன்றுக்கு 6 மணி நேரமோ அதற்கு மேலோ நேரடி வெயில் படும் இடத்தையே முழு வெயில் இடமென்று தோட்டக்கலையில் கொள்வார்கள். சுவரோரத்தில் 2 மணி நேரமும் தெருவோரத்தில் 8 மணி நேரமும் வெயில் விழும் முற்றம் உண்மையில் இரண்டு வெவ்வேறு தோட்டங்கள் என்பது இந்தக் குறிப்பிலிருந்துதான் தெரியவரும்.

அடுத்தது நீர். மழை பெய்த பிறகு எங்கே தேங்குகிறது, எங்கே அரித்துக்கொண்டு ஓடுகிறது என்பதை நேரில் பார்த்துப் படமெடுக்க வேண்டும். மண்ணின் வடிதன்மையை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு குழி தோண்டி, நீர் நிரப்பி, அது முழுவதும் வடிந்தபின் மீண்டும் நிரப்பி, இரண்டாம் முறை நீர்மட்டம் மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பதே அது. மணிக்கு 2.5 சென்டிமீட்டர் அளவில் இறங்கினால் பெரும்பாலான செடிகளுக்குக் கவலையில்லை. ஒரு நாள் கழிந்தும் நீர் நின்றால், அங்கே ஈரம் தாங்கும் செடிகளை மட்டுமே எண்ண வேண்டும். மண்ணின் கலவையை அறிய ஒரு கண்ணாடிக் குடுவையில் மண்ணும் நீரும் இட்டு நன்றாகக் குலுக்கி வைத்தால், மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் அதன்மேல் படியும். களிமண் படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். மூன்று அடுக்குகளின் உயரத்தை அளந்தால் மண்ணின் இயல்பு ஓரளவு விளங்கும். இவற்றுக்குச் செலவு ஏதுமில்லை. நேரம் மட்டுமே தேவை, அந்த நேரம் மாணவியிடம் இருக்கிறது.

இந்த ஆய்வு முடிந்து, அதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசிய பிறகே நடவுத் திட்டத்துக்குச் செல்ல வேண்டும். நடவுத் திட்டம் என்பது ஒவ்வொரு செடியின் இடம், தாவரவியல் பெயர், எண்ணிக்கை, இடைவெளி, முழு வளர்ச்சியில் அதன் உயர அகலம் ஆகியவற்றைக் கொண்டதாக இருக்க வேண்டும். அது வரைந்து முடிந்ததும், நடுவதற்கு முன்பு, அனுபவமுள்ள ஒருவர் அதைப் பார்த்துத் திருத்தம் சொல்ல வேண்டும். மாணவியின் பேராசிரியராகவோ, தாவரவியல் பூங்காவில் பணியாற்றுபவராகவோ, அந்தப் பகுதியின் தாவரங்களைப் பல்லாண்டுகளாக வளர்த்துவரும் ஆர்வலராகவோ அவர் இருக்கலாம். அவருடைய ஓரிரு மணி நேரத்துக்குத் தனியே ஊதியம் கொடுத்தாலும், மொத்தச் செலவு தொழில்முறைக் கட்டணத்தை நெருங்காது. மேற்சொன்ன அனுபவக் குறையை ஈடுசெய்யும் வழி இதுவே. இதைத் தவிர்த்துவிட்டுப் பணத்தை மிச்சப்படுத்த முயல வேண்டாம்.

மாணவியிடம் கேட்கக் கூடாதவையும் உண்டு. மண்ணைத் தாங்கும் சுவர், நிலத்தின் சரிவை மாற்றுதல், அண்டை வீட்டுப் பக்கம் நீரைத் திருப்பும் வடிகால், மின்விளக்கு இணைப்பு, பெரிய மரத்தை வெட்டுதல் ஆகியவை உரிய தகுதியும் உரிமமும் பெற்றவர்களின் வேலை. பல நாடுகளில் நிலத்தோற்றக் கட்டடக் கலைஞர் என்ற தொழிற்பெயரை உரிமம் பெற்றவர் மட்டுமே பயன்படுத்தலாம். செடிகளின் திட்டத்தை ஒரு மாணவர் வரைவதற்குப் பொதுவாகத் தடையிருப்பதில்லை என்றாலும், அவர் எந்தப் பெயரில், எந்த வரம்புக்குள் வேலை செய்கிறார் என்பதை உங்கள் உள்ளாட்சியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அவரைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு சோதனை வைக்கலாம். பக்கத்தில் மனிதர் நடாமல் தானே வளர்ந்த செடிகள் உள்ள ஏரிக்கரையோ, தரிசு நிலமோ, காட்டோரமோ இருந்தால், அவருடன் அங்கே ஒருமுறை நடந்து வாருங்கள். எத்தனை செடிகளை அவரால் பெயர் சொல்ல முடிகிறது, தெரியாத செடியைக் கண்டால் என்ன செய்கிறார், எது நிழலில் வளர்கிறது, எது ஈரத்தில் வளர்கிறது என்று தானாகக் கவனிக்கிறாரா என்று பாருங்கள். வடிவமைப்பு பயிலும் மாணவர்கள் நன்றாக வரைவார்கள். ஆனால் அவர்களில் சிலர் செடிகளை விற்பனைப் பட்டியல்களிலிருந்தே அறிந்திருப்பார்கள். தாவரவியலோ சூழலியலோ பயில்வோர் செடிகளை அறிவார்கள். ஆனால் இருவர் சேர்ந்து நடக்க ஏறத்தாழ 1.2 மீட்டர் அகல வழி வேண்டும் என்பது போன்றவற்றைப் பிறர் சொல்லித்தான் தெரிந்துகொள்வார்கள். முற்றம் சிறியதாக இருந்து, இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால், செடிகளை அறிந்தவரையே நான் தேர்ந்தெடுப்பேன். வரைபடத்தில் உள்ள கோணலைத் திருத்துவது எளிது. இடத்துக்குப் பொருந்தாத செடியை மூன்று ஆண்டுகள் கழித்து அகற்றுவது கடினம்.

கேள்வி: எங்கள் உறவினர் ஒருவருடைய மகன் தோட்டக்கலை படிக்கிறார். "படிப்புக்கு உதவும், பணம் வேண்டாம்" என்கிறார். அதை ஏற்றுக்கொள்ளலாமா? உறவுக்காரப் பையனிடம் ஒப்பந்தம் எழுதிக் கேட்பது அவரை அவமதிப்பதாகாதா?

பதில்: பணம் வேண்டாம் என்று அவர் சொன்னாலும் கொடுங்கள். இதில் என் கருத்து உறுதியானது. ஊதியமில்லாத வேலையில் காலதாமதத்தைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லாமல் போகிறது. உங்கள் மனம் மாறும்போதெல்லாம் திரும்ப வரையச் சொன்னால் மறுக்கும் உரிமை அவருக்கும் இல்லாமல் போகிறது. உறவுக்குள் இது இன்னும் கடினம். வாய்விட்டுச் சொல்ல முடியாத மனக்குறை இரு வீட்டுக்கும் இடையே தங்கிவிடும். அந்தப் பையன் படிப்பை முடித்து இதே தொழிலில் பிழைக்கப் போகிறவர் என்பதையும் எண்ணிப் பாருங்கள். தம் உழைப்புக்கு விலை சொல்ல அவர் பழகும் முதல் இடம் உங்கள் வீடாக இருப்பது நல்லது.

தொகையை எப்படி முடிவுசெய்வது என்று பலர் கேட்கிறார்கள். எதிர்பார்க்கும் மணி நேரத்தைக் கணக்கிட்டு, உங்கள் ஊரில் பட்டம் பெற்ற புதியவர் ஒருவர் அதே வகையான வேலைக்குப் பெறும் மணிநேர ஊதியத்தை ஒட்டிப் பேசுவது நியாயமானது. மொத்தத் தொகையை வேலையின் படிகளோடு இணைத்துவிடுங்கள். தொடங்கும்போது ஒரு பகுதி, இட ஆய்வு முடிந்ததும் ஒரு பகுதி, இறுதி வரைபடமும் செடிப் பட்டியலும் கைக்கு வந்ததும் மீதி என்று கொடுத்தால், இடையில் தேர்வு வந்தோ வேறு காரணத்தாலோ வேலை நின்றாலும் அதுவரை செய்ததற்கு ஊதியம் கிடைத்திருக்கும்; அதுவரை செய்தது உங்கள் கையிலும் இருக்கும்.

எழுத்தில் வைப்பது அவமதிப்பு அன்று. நினைவில் வைத்திருக்க வேண்டிய சுமையை இருவரிடமிருந்தும் அது எடுத்துவிடுகிறது. ஒரு பக்கம் போதும். என்னென்ன கைக்கு வரும், எந்தத் தேதிக்குள் வரும், எத்தனை முறை திருத்தம் செய்து தருவார், தேர்வுக் காலத்தில் எத்தனை வாரம் வேலை நிற்கும், நடவு நாளில் உடனிருப்பாரா, நட்டபின் எத்தனை முறை வந்து பார்ப்பார், செடிகளையும் மண்ணையும் வாங்குவது யார் பொறுப்பு ஆகியவற்றை எளிய வாக்கியங்களில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். திருத்தங்களின் எண்ணிக்கையை எழுதத் தவறாதீர்கள், இரண்டு போதுமானது. வரைபடத்தின் பதிப்புரிமை பொதுவாக வரைந்தவருக்கே உரியது. அதை உங்கள் வீட்டில் பயன்படுத்தும் உரிமை உங்களுக்கு உண்டென்றும், உங்கள் முகவரியை வெளியிடாமல் படங்களைத் தம் பணித்தொகுப்பில் அவர் காட்டலாமென்றும் எழுதிக்கொண்டால் பின்னால் குழப்பம் வராது. மாணவருக்கு அந்தப் பணித்தொகுப்பு மிக மதிப்புள்ளது. நட்ட நாளிலும், ஓராண்டு கழித்தும் வந்து படமெடுக்க அவரை நீங்களே அழையுங்கள்.

கேள்வி: மாணவர் வரைந்து தந்த பட்டியலில் 40 வகைச் செடிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று. எங்கள் முற்றம் ஏறத்தாழ 20 சதுர மீட்டர்தான். பட்டியல் சரியானதா என்று தாவரவியல் தெரியாத நாங்கள் எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: நீங்களே பெருமளவு சரிபார்க்க முடியும். முதலில், ஒவ்வொரு செடிக்கும் முழுத் தாவரவியல் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வழக்குப் பெயர் ஊருக்கு ஊர் மாறும்; ஒரே பெயரில் இரண்டு மூன்று செடிகளும் இருக்கும். நர்சரிக்காரர் தம்மிடம் இருப்பதை அந்தப் பெயரில் கொடுத்துவிட்டால் திட்டமே மாறிவிடும். தாவரவியல் பெயர் கிடைத்ததும், லண்டன் கியூ தாவரவியல் பூங்கா 2017-இல் தொடங்கிய 'பிளான்ட்ஸ் ஆஃப் த வேர்ல்டு ஆன்லைன்' என்னும் இலவசத் தரவுத்தளத்தில் அதைத் தேடுங்கள். அந்தச் செடி எந்தெந்தப் பகுதிகளுக்கு உரியது, எங்கெங்கே பிற்காலத்தில் கொண்டுசெல்லப்பட்டது என்பதை அது வரைபடத்தில் வேறு வேறு நிறங்களில் காட்டும். அந்தப் பகுதிகள் பெரியவை என்பதால், ஒரு நாட்டின் மலைப்பகுதிக்கு மட்டும் உரிய செடி அதன் கடற்கரைக்கும் உரியதுபோல் தோன்றக்கூடும். ஆகவே, உங்களைச் சுற்றியுள்ள சில கிலோமீட்டரில் அது இயற்கையாக வளர்வதைப் பிறர் பதிவுசெய்திருக்கிறார்களா என்பதை 'ஐநேச்சுரலிஸ்ட்' தளத்தில் பாருங்கள்.

நர்சரியில் கிடைக்கிறது, எங்கும் தானாக வளர்கிறது என்பதற்காக ஒரு செடி அந்த மண்ணுக்குரியதாகிவிடாது. உண்ணிச்செடி அமெரிக்க வெப்பமண்டலத்துக்கு உரியது. அழகுக்காக உலகெங்கும் கொண்டுசெல்லப்பட்டு, இன்று பல வெப்பநாடுகளின் காடுகளை அது அடைத்து நிற்கிறது. ஊதாநிறப் பூக்கதிர்கள் கொண்ட லைத்ரம் சலிகாரியா ஐரோப்பாவிலும் ஆசியாவின் பல பகுதிகளிலும் இயல்பாக வளரும் செடி. வட அமெரிக்காவின் சதுப்பு நிலங்களிலோ அது பிற தாவரங்களை நெருக்கி வெளியேற்றும் களை. எனவே எந்தச் செடியைக் குறித்தும் "எந்த இடத்துக்கு உரியது?" என்ற கேள்வியைச் சேர்த்தே கேட்க வேண்டும், வேறு நாட்டில் எழுதப்பட்ட பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மாணவர்கள் இணையத்தில் தேடும்போது அடிக்கடி நேரும் பிழை இது. அதைக் கடிந்துகொள்ளாமல் சுட்டிக்காட்டினால் போதும்.

இவ்வளவு கவனம் எதற்கு என்று உங்கள் வீட்டிலேயே சிலர் கேட்கக்கூடும். வாஷிங்டன் நகரச் சுற்றுப்புற வீட்டுத் தோட்டங்களில் கரோலினா சிக்கடி என்னும் சிறு பறவையைப் பற்றி டெசிரே நராங்கோ, டக்ளஸ் டாலமி, பீட்டர் மாரா ஆகியோர் நடத்திய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. தோட்டத்துத் தாவரங்களின் மொத்த எடையில் அயல் தாவரங்களின் பங்கு 30 விழுக்காட்டுக்கு மேல் போன இடங்களில், அந்தப் பறவையால் தன் எண்ணிக்கையைக் காத்துக்கொள்ளும் அளவுக்குக் குஞ்சுகளை வளர்க்க முடியவில்லை என்று அவர்கள் கண்டார்கள். காரணம் புழுக்கள். இலை தின்னும் பூச்சிகளில் பெரும்பாலானவை தாம் நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த சில தாவரக் குடும்பங்களை மட்டுமே உண்ண வல்லவை. மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு, எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த 'பால்களை' என்னும் செடிகளைத் தவிர வேறொன்றில் வளராது. எருக்கின் மேல் முட்டையிடும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியும் அந்தக் குடும்பத்தையே சார்ந்திருக்கிறது. புழு இல்லாத தோட்டத்தில் பறவைக் குஞ்சுக்கு உணவில்லை. ஆகையால் பூவின் அழகை மட்டும் பார்த்துப் பட்டியல் இடாமல், ஒவ்வொரு செடிக்கும் எதிரே "இதன் இலையை உண்பது எது, பூவை நாடுவது எது, கனியைத் தின்பது எது" என்று ஒரு பத்தியைச் சேர்த்து நிரப்பித் தரும்படி மாணவரிடம் கேளுங்கள். எல்லாக் கட்டமும் நிரம்ப வேண்டியதில்லை. ஆனால் எந்தக் கட்டமும் நிரம்பாத செடி ஏன் அங்கே இருக்கிறது என்று அவரே யோசிப்பார்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். உங்கள் பட்டியலின் உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது. 20 சதுர மீட்டரில் 40 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஏறத்தாழ 125 செடிகள் வேண்டும். 40 செடிகள் நிலத்தை மூடா. மூடாத மண்ணைக் களை எடுத்துக்கொள்ளும். அதோடு, ஒவ்வொன்றில் ஒன்று என்று நட்டால் பார்வைக்கு ஒழுங்கு இருக்காது. தேனீக்கும் ஒரே வகைப் பூ ஓரிடத்தில் திரளாக இருப்பதே வசதி. 40 வகைகளை 10 அல்லது 12 ஆகக் குறைத்து, சிறு செடிகளை ஐந்தாகவும் ஏழாகவும் கூட்டமாக நடும்படி மாற்றச் சொல்லுங்கள். இரண்டு மூன்று புதர்கள், நிலத்தை மூடும் தாழ்செடிகள், இடையே பருவத்துக்குப் பருவம் மாறிப் பூப்பவை என்று அமைந்தால், ஆண்டின் எந்தப் பகுதியிலும் ஏதோ ஒன்று பூத்திருக்கும்படி செய்ய முடியும். புதர்களுக்கு மட்டும் முழு வளர்ச்சியின் அகலத்தைக் கொண்டே இடைவெளி விட வேண்டும். சாளரத்துக்குக் கீழே 3 மீட்டர் உயரம் வளரும் புதர் வரையப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. அடுக்குப் பூ வகைகளில் மகரந்தத் தண்டுகள் இதழ்களாக மாறியிருப்பதால் பல பூச்சிகளுக்கு மகரந்தமும் தேனும் எட்டுவதில்லை. ஒற்றை அடுக்குப் பூ உள்ள இயல்பான வகையைக் கேளுங்கள். நியோனிகோட்டினாய்டு வகைப் பூச்சிக்கொல்லி கொடுத்து வளர்த்த செடியில் அந்த நஞ்சு மகரந்தத்திலும் தேனிலும் கலந்து வரும். நர்சரியில் அதைப் பயன்படுத்தினார்களா என்று கேட்டு, தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் வாங்காமல் இருப்பது நல்லது.

கேள்வி: திட்டத்தைப் பார்த்த அண்டை வீட்டார், "இது புதர்க்காடாகத்தான் தெரியும்" என்கிறார்கள். எங்கள் பகுதியில் முன்முற்றச் செடிகளின் உயரத்துக்கு விதியும் உண்டு. என்ன செய்யலாம்?

பதில்: விதியை எழுத்தில் வாங்கி, வேலை தொடங்கும் முன்பே மாணவரிடம் கொடுத்துவிடுங்கள், உயர வரம்பும், தெருமுனையிலும் வாகன வழியிலும் பார்வையை மறைக்கக் கூடாது என்ற நிபந்தனையும் வடிவமைப்பின் தொடக்கத்திலேயே இடம்பெற வேண்டியவை.

அண்டை வீட்டாரின் கவலை நியாயமற்றது என்று ஒதுக்கிவிட வேண்டாம். நிலத்தோற்ற வடிவமைப்பு அறிஞர் ஜோன் நசாவர் 1995-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இதை ஆழமாக ஆராய்ந்திருக்கிறார். இயற்கையான நடவு பராமரிப்பில்லாத இடம்போல் பிறருக்குத் தோன்றுகிறது. அதைச் சுற்றி மனிதக் கவனிப்பின் அடையாளங்கள் தெளிவாகத் தெரிந்தால் மக்கள் அதை ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது அவர் கருத்து. ஓரத்தில் செங்கல்லோ கல்லோ வைத்த நேரான கரை, நடைவழியை ஒட்டி வெட்டிச் சீராக வைத்த தாழ்செடி வரிசை, உயரமானவற்றைச் சுவர்ப்பக்கமும் குட்டையானவற்றைத் தெருப்பக்கமும் வைத்தல், அமர ஓர் இருக்கை, செடிகளின் பெயரைச் சொல்லும் சிறு பலகை ஆகியவை செலவில் சிறியவை. தெருவில் நடப்பவரின் பார்வையை மாற்றுவதிலோ அவற்றின் பங்கு பெரியது. தெருவோரம் அரை மீட்டர் அகலத்துக்குப் புல்லை விட்டுவைத்து, அதை ஒழுங்காக வெட்டிவருவதையும் நான் பரிந்துரைப்பேன். உள்ளே எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும், அந்த ஓரம் சீராக இருக்கும்வரை யாரும் அதைக் கைவிடப்பட்ட இடம் என்று சொல்லமாட்டார்கள்.

கேள்வி: வடிவமைத்த மாணவரே மண்ணைக் கிளறி நட்டும் தரலாமா?

பதில்: அவருக்கு விருப்பமும் உடல்வலிமையும் இருந்தால் செய்யலாம், அதற்குத் தனி ஊதியம் பேசுங்கள். நிலத்தடி இணைப்புகள் எங்கே செல்கின்றன என்பதை உரிய நிறுவனங்களிடம் கேட்டுக் குறித்த பிறகே மண்வெட்டி இறங்க வேண்டும். வேலையின்போது அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பதையும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். இருக்கும் பெரிய மரத்தின் கிளைப்பரப்புக்குக் கீழே ஆழமாகத் தோண்டவோ மண்ணைக் குவித்து உயர்த்தவோ விடக் கூடாது. வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே இருப்பதால், அந்தப் பாதிப்பு சில ஆண்டுகள் கழித்தே மரத்தில் தெரியும்; அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

கேள்வி: நான் தோட்டக்கலை இறுதியாண்டு மாணவன். ஒரு வீட்டின் முன்முற்றத்தை வடிவமைக்கும் வாய்ப்பு வந்திருக்கிறது. செடிகள் காய்ந்துவிட்டால் பழி என்மேல் விழுமே என்ற அச்சத்தில் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறேன்.

பதில்: உங்கள் அச்சம் பொறுப்புணர்வின் அடையாளம், தயக்கத்தை விடுத்து ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் வரைபடத்தை மட்டும் கொடுத்துவிட்டு விலகாதீர்கள். மண்ணுக்குரிய செடிக்குப் பராமரிப்பே தேவையில்லை என்று வீட்டுக்காரர்கள் பலர் நம்பியிருக்கிறார்கள்; வறட்சியைத் தாங்கும் செடியும் வேர் ஆழமாக இறங்கிய பிறகே அதைத் தாங்கும். முதல் ஆண்டு முழுவதும், தேவையெனில் இரண்டாம் ஆண்டின் வறண்ட மாதங்களிலும் நீர் ஊற்ற வேண்டும் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். பல்லாண்டுச் செடிகள் முதல் ஆண்டில் பெரும்பாலும் வேரையே வளர்ப்பதால் மேலே வளர்ச்சி குறைவாகத் தெரியும். திட்டம் முழு வடிவம் பெற மூன்று ஆண்டுகள் ஆகும். இதை முன்பே அறிந்த வீட்டுக்காரர் ஆறாம் மாதத்தில் உங்களைக் குறைசொல்ல மாட்டார்.

வரைபடத்தோடு இரண்டு பக்கப் பராமரிப்பு நாட்காட்டி ஒன்றை எழுதிக் கொடுங்கள். எந்த மாதம் எவ்வளவு நீர், எப்போது களையெடுப்பு, மண்ணின்மேல் சருகும் தழையும் கொண்டு பரப்பும் மூடாக்கு எவ்வளவு கனம், எந்தச் செடியை எப்போது வெட்டலாம் என்பன அதில் இருக்கட்டும். மூடாக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர் கனம் போதும். தண்டைத் தொடாமல் பரப்ப வேண்டும். உலகின் தேனீ இனங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு மண்ணுக்குள் கூடு கட்டுபவை என்பதால், வெயில் படும் ஒரு சிறு மூலையை மூடாக்கு இன்றி விட்டுவைக்கச் சொல்லுங்கள். களைச் செடிகளின் நாற்றும் நட்ட செடிகளின் நாற்றும் எப்படி இருக்கும் என்பதைப் படங்களோடு கொடுத்தால் அது மிகப் பெரிய உதவி. நல்ல தோட்டங்கள் பலவற்றில் நடந்த இழப்பு, களை என்று எண்ணி வீட்டுக்காரரே பிடுங்கி எறிந்ததால் நடந்தது.

சில செடிகள் பட்டுப்போகும். அதைத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே எண்ணி, பட்டியலில் சில செடிகளை மிகுதியாகச் சேர்த்து, மாற்றுச் செடிகளின் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். முதல் ஆண்டில் பருவத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க ஊதியத்தோடு இடம் கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதிவைத்து, உங்கள் பேராசிரியரிடம் காட்டித் திருத்திய திட்டத்தைக் கொடுக்கிறவரை எந்த நியாயமான வீட்டுக்காரரும் பழிசொல்ல மாட்டார். எது பிழைத்தது, எது பட்டது, ஏன் என்று அந்த ஓராண்டில் நீங்கள் குறித்துவைப்பது வேறு எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம்.

கேள்வி: மாணவரை எப்போது அமர்த்தினால் சரியாக இருக்கும்? நடவுக்கு இரண்டு மாதம் முன்பு போதுமா?

பதில்: போதாது. குறைந்தது ஒரு மழைக்காலத்தையும் ஒரு வறண்ட காலத்தையும் அவர் அந்த இடத்தில் பார்த்திருப்பது நல்லது. புல்லை அகற்றவும் காலம் வேண்டும். கடும் வெயில் மாதங்களில் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை ஈர மண்மேல் இறுக்கி விரித்துச் சூட்டினால் அழிக்கும் முறைக்கு 4 முதல் 8 வாரங்கள் ஆகும். அட்டைகளைப் பரப்பி மேலே மூடாக்கு இடும் முறைக்குச் சில மாதங்கள் பிடிக்கும். நடவைக் கோடையின் தொடக்கத்தில் வைக்காமல், மழையோ குளிரோ தொடங்கும் வேளையில் வைத்தால் நீர்ச்செலவு பெரிதும் குறையும்.

எல்லாவற்றையும்விட, செடி கிடைக்கக் காலம் வேண்டும். மண்ணுக்குரிய தாவரங்களைப் போதிய எண்ணிக்கையில் வளர்க்கும் நர்சரிகள் குறைவு. பட்டியல் முன்கூட்டியே கையில் இருந்தால், ஓராண்டு முன்பே சொல்லி விதையிலிருந்து வளர்த்துத் தரச் செய்யலாம். தொட்டியில் பெரிதாக வளர்ந்த செடியைவிட அத்தகைய இளநாற்று விலையும் குறைவு, நிலத்தில் விரைவாகவும் வேர்பிடிக்கும். விதை சேகரிக்க விரும்பும் மாணவர், நில உரிமையாளரின் அனுமதியோடு, ஒரே செடியிலிருந்து எல்லாவற்றையும் எடுக்காமல், பல செடிகளிலிருந்து சிறிது சிறிதாக எடுக்கட்டும். காட்டிலிருந்து செடிகளை வேரோடு பிடுங்கி வந்து நடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். அது பல இடங்களில் சட்டப்படி குற்றம், பிடுங்கிய செடிகளில் பெரும்பாலானவை பிழைப்பதும் இல்லை.